மேட்டில் ஏறும் தண்ணீர்

ஒரு பார் அழுத்தம் தண்ணீரை ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்துக்குத் தூக்கும். கொழும்பில் இந்தக் கணக்கு மாடிக் கட்டடங்களுக்குத்தான் வேண்டும். மலையகத்தில் ரோட்டிலிருந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகவே வேண்டியிருக்கிறது. கீழே தார் ரோட்டில் தீயணைப்பு வண்டி நிற்கிறது. எரிகிற லயம் 60 மீற்றர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பு 10 பாரில் தள்ளினாலும் ஏறுவதற்கே 6 பார் போய்விடும். ஹோஸின் உட்சுவரில் உராய்ந்து இன்னும் கொஞ்சம் கழியும். மேலே ஹோஸின் முனைக்குழாயான பிராஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் எதிர்பார்த்தது சீறிப்பாயும் தண்ணீரை. அவருக்குக் கிடைப்பதோ கூரைவரை எட்டி அப்படியே சரிந்து விழுகிற தண்ணீர்.

நட்பைப் பற்றி எழுத வந்துவிட்டுப் பம்புக் கணக்கில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தீயணைப்பு வீரர்கள் ஒருவருக்கொருவர் உயிராய் இருப்பார்கள் என்பது எல்லாரும் சொல்வதுதான். ஆபத்தில் சேர்ந்து நின்றவர்கள் ஒட்டிக்கொள்வார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம். மலையகத்தில் அது பாதிக் கதை. இங்கே ஆபத்துக்கு முன்னால் சுமை வந்துவிடுகிறது. அந்த 60 மீற்றரைத் தனியாக ஏறி யாராலும் எதையும் அணைக்க முடியாது. மற்றதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டரை அங்குல ஹோஸ் ஒன்று, 30 மீற்றர் நீளம். சுருட்டியிருக்கும்போது ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு ஏறலாம். தண்ணீர் நிரம்பிவிட்டால் அதற்குள் மட்டும் 95 லீற்றர், அதாவது 95 கிலோ. மூன்றைப் பூட்டினால் கால் தொன்னுக்கு மேல் சரிவில் கிடக்கும். அதைச் சும்மா இழுத்துவிட முடியாது. தேயிலைச் செடியில் சிக்கும், வடிகால் கானுக்குள் விழுந்து மடங்கும். மடங்கிய இடத்தில் தண்ணீர் நின்றுவிடும். அதனால் ஹோஸ்களைப் பூட்டும் கப்ளிங்குக்கு ஒருவராக வழிநெடுக ஆள் நிற்க வேண்டும். பிராஞ்ச்காரருக்குப் பின்னால் இன்னொருவர் தோளை அவர் முதுகில் முட்டுக்கொடுத்து நிற்பார். தண்ணீர் முன்னே பாயும்போது பின்னோக்கித் தள்ளுகிற விசையை, மழையில் ஊறிய களிமண்ணில் ஒற்றை ஆளாகத் தாங்குவது பெரும்பாடு.

கீழே பம்பில் நிற்பவருக்குப் பெரும்பாலும் தீயே தெரியாது. அவருக்குத் தெரிவது அழுத்தமானியின் முள்ளும் இன்ஜின் சத்தமும்தான். முள் திடீரென்று ஏறினால் மேலே யாரோ பிராஞ்சை மூடிவிட்டார், அல்லது ஹோஸ் மடங்கிவிட்டது. சரிந்து விழுந்தால் எங்கோ ஹோஸ் வெடித்துவிட்டது. பம்பு இரைச்சலில் குரல் கேட்காது. கையசைவும் டோர்ச் வெளிச்சமும்தான் பேச்சு. மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் போயிற்று. அப்போது அவர் நம்பியிருப்பது மேலே நிற்பவரின் பழக்கத்தை. 'அவன் இந்நேரம் இரண்டாவது அறைக்குப் போயிருப்பான், இப்போது கூட்டிக் கொடுக்கலாம்' என்று ஊகித்து அழுத்தத்தை ஏற்றுகிறார். இதை எந்தப் பயிற்சி நெறியும் முழுதாகக் கற்றுக்கொடுத்துவிடாது. ஒரே சட்டியில் சோறு தின்ற பழக்கம் கொஞ்சம் வேண்டும்.

தண்ணீர் எடுப்பதிலும் மலை தன் பங்கைக் கழித்துக்கொண்டுதான் தருகிறது. பம்பு ஓடையிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதாகச் சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. கடல் மட்டத்தில் ஏட்டுக் கணக்குப்படி 10 மீற்றர் ஆழம்வரை இது நடக்கும். 1868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏட்டுக் கணக்கே 8 மீற்றருக்கு இறங்கிவிடுகிறது. நடைமுறையில் 6 மீற்றர் எட்டினாலே பெரிது. அதனால் பள்ளத்து ஓடைக்குப் பம்பையே கொண்டுபோக வேண்டும். தூக்கிச் செல்லும் பம்பு என்று பெயர்தான். 80, 90 கிலோ இருக்கும். நாலு பேர் பல்லக்குத் தூக்குவதுபோல் தேயிலை நிரைகளுக்கு நடுவே இறக்குவார்கள். முன்னால் பிடிப்பவர் வழுக்கினால் நாலு பேரும் போக வேண்டியதுதான். யார் முன்னால், யார் பின்னால் என்பது பதவியைப் பார்த்து அமைவதில்லை, உயரத்தைப் பார்த்து அமைகிறது. சரிவில் நெட்டையர் கீழ்ப்பக்கம், குட்டையர் மேல்பக்கம்.

இந்தப் படை யாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலருக்கு இதில் குழப்பம். பொலிஸ்போல நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பாக இலங்கையில் தீயணைப்புப் படை வளரவில்லை. கண்டி, நுவரெலியா, பதுளை, பண்டாரவளை என்று அந்தந்த மாநகர சபைதான் தன் படையை நடத்துகிறது. நகருக்கு வெளியே கிடக்கும் தோட்டங்களின் கதை வேறு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக நெடுங்காலம் இருந்தது. அதைத் தளர்த்தும் திருத்தம் 2018இல்தான் வந்தது. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் போனது. நிலம் ஒருவருடையது, நிர்வாகம் இன்னொருவருடையது, குடியிருப்பவருக்கோ பல தலைமுறையாகக் காணி உறுதி இல்லை. லயத்தில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்றும் சட்டென்று பதில் வராது. நகரத்துப் படை தன் எல்லையைத் தாண்டி வருகிறது என்றால் அதில் விதியின் பங்கு கொஞ்சம், மனசாட்சியின் பங்கு கொஞ்சம்.

வருவதற்கும் நேரமாகும். கண்ணுக்கு எதிரே புகை தெரியும். போய்ச் சேர மலையைச் சுற்ற வேண்டும். பல தோட்டப் பாதைகள் கொழுந்து லொறி போகிற அளவுக்குப் போட்டவை. கொண்டை ஊசி வளைவில் தண்ணீர்ப் பவுசரை ஒரே வெட்டில் திருப்ப முடியாது. பின்னால் ஒருவர் இறங்கி நின்று, "வரட்டும், வரட்டும், போதும்" என்று தட்டிக்கொடுத்தே திருப்ப வேண்டும். அரைகுறையாக நிரம்பிய தாங்கியில் தண்ணீர் அலைபாய்ந்தால் வளைவில் வண்டியையே சாய்த்துவிடும். சாரதி இங்கே தனிச் சாதி. எந்தப் பாலம் எத்தனை தொன் தாங்கும், எந்த வளைவில் மண் கரைந்திருக்கிறது, எந்தத் தோட்டத்துக் கேட் இரவில் பூட்டியிருக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் ஓய்வுபெறும் நாளில் ஒரு வரைபடமே வீட்டுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் இளையவர்களை முன் இருக்கையில் உட்காரவைத்துச் சும்மாவாவது கதை சொல்லிக்கொண்டு போகிறார்கள். அது வெறும் அரட்டை என்று நினைப்பவர்கள் அந்த வண்டியில் ஏறியதில்லை.

நிலையத்துக்குள் போவோம். தீயணைப்பு வேலையின் பெரும்பகுதி காத்திருப்பு. காலையில் வண்டியைத் துடைத்து, பம்பை ஓட்டிப் பார்த்து, ஹோஸ்களை எண்ணி, ஏணியின் கயிற்றைத் தடவிப் பார்த்து முடித்தால் அடுத்த வேலை பிளேன்டீ. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். தொப்பியும் கம்பளியுமாகக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்பார்கள். மதியச் சமையல் பெரும்பாலும் கூட்டாக. ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் பருப்பைத் தாளிக்க, இன்னொருவர் கட்டச்சம்பலுக்கு மிளகாய் இடிப்பார். மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் அடுப்பை அணைக்க மறந்தவன் என்ற பெயர் ஒருமுறை வந்தால் ஓய்வூதியம்வரை போகாது.

பேச்சு மூன்று மொழியில் நடக்கும். 'வோட்டர் ஒன்', 'வோட்டர் ஓஃப்' போன்ற ட்ரில் சொற்கள் ஆங்கிலம். கேலி சிங்களத்தில், கோபம் தமிழில், அல்லது இரண்டும் மாறி. தமிழ் இளைஞர் சிங்கள மூத்தவரை 'அய்யா' என்கிறார். சிங்களத்தில் அது அண்ணன். தமிழில் அதுவே மரியாதைச் சொல் என்பதால் இரண்டு பக்கமும் திருப்தி. சிங்கள மூத்தவர் தமிழ்ப் பையனை 'மல்லி' என்பார். சம வயதுக்காரர்களுக்குச் சிக்கலே இல்லை: தமிழின் மச்சான்தான் சிங்களத்தில் மச்சங் ஆகியிருக்கிறது. அதிகாரி எல்லாருக்கும் 'சேர்'.

மலையகத்தில் இந்தத் தோழமையை எளிதாகப் பார்க்கக்கூடிய இடம் விடுமுறைப் பட்டியல். தீபாவளிக்குத் தமிழர் வீட்டுக்குப் போக வேண்டும். வெசாக்குக்குச் சிங்களவர் போக வேண்டும். வெசாக் கூடும் விளக்கும் பந்தலும் நிறைந்த அந்த இரவுகளில் மின்கசிவும் மெழுகுதிரியும் சேர்ந்து தீயணைப்புக்காரருக்கு வேலை வைக்கும். நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம் வீரர் போக வேண்டும். ஆகவே ஒருவர் பண்டிகையை இன்னொருவர் காவல் காக்கிறார். தீபாவளி முடிந்து வருகிற பையில் முறுக்கும் அதிரசமும் இருக்க வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். பெருநாள் என்றால் வட்டிலப்பம். சித்திரைப் புத்தாண்டில்தான் இந்த ஏற்பாடு உடைகிறது. தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாளில் வருடம் பிறக்கிறது. நுவரெலியாவுக்கு அதுவேதான் வசந்த காலக் கொண்டாட்டமும்: குதிரைப் பந்தயம், மலர்க்கண்காட்சி, மஹகஸ்தோட்டையில் மலையேறும் கார்ப்பந்தயம், ஊர் கொள்ளாத கூட்டம். அந்த வாரம் லீவு கேட்பது வீண். வீட்டிலிருந்து பாற்சோறும் பலகாரமும் நிலையத்துக்கு வந்துவிடும், பிள்ளைகளோடு சேர்த்து.

இனி லயம். தேயிலைக்கும் முன்பே, கோப்பிக் காலத்தில் வந்த அமைப்பு இது. நீளமான ஒரே கட்டடம், பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவிலான அறைகள் வரிசையாக, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. பழைய லயங்கள் பலவற்றில் அறைக்கு அறை உள்ள சுவர் கூரையின் உச்சிவரை போவதில்லை. மேலே திறந்த வெளி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. வெப்பமும் புகையும் மேலே ஏறி, தகரத்தில் முட்டி, பக்கவாட்டில் ஓடும். அடுப்புக்கு மேலே பரணில் விறகு காய்ந்துகொண்டிருக்கும். பல வருடப் புகை படிந்த மரச்சட்டங்கள் தாங்களே விறகுபோலத்தான். கடைசி அறையில் பிடித்த தீ, ஆறாவது அறைக்காரர் பொருளை வெளியே எடுக்கிறதுக்குள் அவர் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. காரணம் கேட்டால் செய்தியில் பெரும்பாலும் 'மின் ஒழுக்கு' என்று இரண்டு சொல். ஒரு பல்புக்காக இழுத்த வயரில் இப்போது தொலைக்காட்சியும் கேத்தலும் அயர்ன்பெட்டியும் தொங்குகின்றன என்பது அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

அப்படியான தீயைத் துரத்திப் பிடிக்க முடியாது, முந்திப்போய் மறிக்க வேண்டும். தீ இருக்கும் அறையை விட்டுவிட்டு, இரண்டு மூன்று அறை தள்ளிக் கூரைத் தகரத்தைக் கழற்றி ஓர் இடைவெளி விடுகிறார்கள். வெப்பம் வானத்துக்குப் போகும், தீ அங்கே தயங்கும், அந்தத் தயக்கத்தில் தண்ணீரை அடிக்கலாம். ஆனால் யாருடைய கூரையைக் கழற்றுவது? இன்னும் எரியாத, எரியாமலே தப்பிவிடக்கூடிய வீடு அது. வீட்டுக்காரி கீழே நின்று கத்துகிறாள். வண்டியில் வந்த அந்நியர் இதைச் செய்தால் கைகலப்பாகும். தோட்டத்தில் பிறந்து படையில் சேர்ந்த பையன் ஒருவன் குழுவில் இருந்தால் காரியம் வேறு மாதிரி. "பெரியம்மா, உங்க தகரத்த எடுத்தாத்தான் அந்தப் பக்கம் அஞ்சு வீடு நிக்கும்" என்று அவன் பேச்சில் சொல்வதற்கும், ஒலிபெருக்கியில் கட்டளை வருவதற்கும் நிறைய வித்தியாசம். மாநகர சபைகள் ஆள் சேர்க்கும்போது உயரமும் மார்பளவும் பார்க்கிறார்கள். இதையும் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

வண்டி வந்துசேரும்போது தோட்டத்துச் சனம் பாதி வேலையைச் செய்திருக்கும். அழைப்பு முதலில் தீயணைப்பு இலக்கமான 110க்குப் போவதில்லை, தோட்டத் தலைவருக்குப் போகிறது. அவர் தோட்ட நிர்வாகியான துரைக்குச் சொல்ல, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் சங்கு ஊதும். தண்ணீர்ப் பீலியிலிருந்து லயம்வரை வாளி கைமாறும். ஈரச்சாக்கு வரும், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு வரும், கவ்வாத்துக் கத்தியும் மம்பட்டியும் வரும். எரியும் லயத்துக்குள் எரிவாயு சிலிண்டர் எங்கே, படுத்த படுக்கையான கிழவர் எந்த அறையில் என்று கேட்காமலே சொல்வார்கள். அனுபவமுள்ள அதிகாரி இறங்கியதும் கூட்டத்தை விரட்டமாட்டார். நாலு திடமான ஆளைக் கேட்டு வாங்கி ஹோஸில் நிறுத்துவார். தோழமை என்று இங்கே நான் சொல்வதில் சீருடை போடாத இவர்களும் சேர்த்தி.

உள்ளே போவதென்றால் இருவராகத்தான். மூச்சுக் கருவியின் சிலிண்டர் 6 லீற்றர், 300 பார் என்றால் உள்ளே சுமார் 1800 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர் என்று வைத்தால் 45 நிமிடம் வர வேண்டும். ஆனால் சரிவில் ஏறி, இரைக்க இரைக்க உள்ளே நுழைபவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஆகவே வெளியே ஒருவர் நேரத்தை எழுதிக்கொண்டு நிற்பார். இருவரில் யாருடைய காற்று முதலில் குறைகிறதோ அவர் கணக்குப்படி இருவரும் வெளியே வர வேண்டும். நன்றாக இருப்பவர் இன்னும் ஐந்து நிமிடம் நிற்கிறேன் என்பதற்கு இடமில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, சாம்பலைக் கிளறித் தண்ணீர் ஊற்றும்போது, குடும்பங்கள் தேடுவது தகரப் பெட்டியை. நகைக்காகவும்தான். அதைவிடப் பிறப்புச் சான்றிதழுக்காகவும் அடையாள அட்டைக்காகவும். 1948இல் குடியுரிமையை இழந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் அங்கும் இங்குமாகப் பங்கு போடப்பட்டு, 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம்வரை காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஒரு துண்டுக் காகிதம் எரிந்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் சொல்லி வளர்ந்த பயம். இது தெரிந்த வீரர் அறையை நனைப்பதற்கு முன், "பெட்டி எங்க?" என்று கேட்பார். புதிதாகக் கட்டப்படும் தனி வீடுகள், தனித்தனிக் காணியில் ஒன்றாக, இந்தக் கதையை மாற்றுகின்றன. ஒரு கூரை எரிந்தால் பக்கத்துக் கூரை தப்பும். ஆனால் லயங்களில் இன்னும் சனம் இருக்கிறது.

ஊவாப் பக்கம் தீ வேறு வடிவம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, பண்டாரவளை, எல்ல, அப்புத்தளைப் பக்கம் வரண்டு இறங்கும். ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை மானாப் புல் காய்ந்து நிற்கும். மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று வைக்கும் தீயும், யாரோ எறிந்த சிகரட்டும் போதும். சரிவில் ஏறும் தீ வேகமானது. 10 பாகை சரிவு கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீக்காரர்களின் கைக்கணக்கு. நடப்பட்ட பைனஸ் காடுகளில் கீழே விழுந்த ஊசியிலை மெத்தை அதற்கு எண்ணெய் மாதிரி. அங்கே வண்டிக்கு வேலை குறைவு. வனத்துறை ஊழியர், தியத்தலாவையிலிருந்து வரும் படையினர், ஊர்க்காரர் எல்லாரும் பச்சைக் கிளையை ஒடித்து அடிக்கிறார்கள், புல்லைச் செதுக்கி வெறுந்தரை வரம்பு போடுகிறார்கள். அடிப்பவர்கள் தீக்கு மேல்பக்கம் நிற்கக் கூடாது. எரிந்து முடிந்த கரித்தரையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்றைப் பார்க்க ஒருவரைத் தனியாக நிறுத்துவார்கள். அவர் கத்தினால் காரணம் கேட்காமல் எல்லாரும் ஓட வேண்டும்.

மழைக்காலத்தில் தீயணைப்புப் படைக்குத் தீயே இருக்காது. ரோட்டில் விழுந்த மரம், பள்ளத்தில் விழுந்த வாகனம், மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாடெங்கும் சரிவுகள் இறங்கியதையும் இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மண்சரிவில் இயந்திரச் சத்தத்தையெல்லாம் நிறுத்திவிட்டு, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கும் சில நிமிடங்கள் உண்டு. குரல் கேட்காதா என்று. அந்த நிமிடங்களைப் பற்றித் திரும்பி வரும் வழியில் யாரும் பேசமாட்டார்கள். பேச்சு கறியைப் பற்றி இருக்கும், கிரிக்கெட்டைப் பற்றி இருக்கும். பிள்ளையின் உடலைத் தூக்கிவந்தவருக்கு அன்றிரவு சமையல் முறை இருந்தால் இன்னொருவர் சொல்லாமல் எழுந்துபோய் அரிசி களைவார். ஆற்றுப்படுத்தும் உளவளத் துணையாளர் வர வேண்டிய இடத்தில் இப்போதைக்கு இருப்பது இதுதான். இது போதுமா என்றால், போதாது. கேலியும் பிளேன்டீயும் பல வருடம் தாங்கும். சிலருக்கு ஒருநாள் தாங்காமல் போகும்.

நிலையத்துக்குத் திரும்பியதும் தூங்க முடியாது. அடுத்த அழைப்பு எந்த நேரமும் வரலாம், அதனால் முதலில் தாங்கியை நிரப்ப வேண்டும். பிறகு ஹோஸ். சேற்றைக் கழுவி, கப்ளிங்கில் சிக்கிய தேயிலைச் சிம்பை எடுத்து, உயரத்தில் தொங்கவிட வேண்டும்; ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து, அடுத்த முறை அழுத்தத்தில் வெடிக்கும். மழையும் பனியும் விடாத மாதங்களில் இரண்டு நாளானாலும் அது காய்வதில்லை. காலையில் முறை மாறும்போது, வேலை முடிந்து போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவது நேற்றைய தீயைப் பற்றி இல்லை. "மூணாவது ஹோஸ் இன்னும் ஈரம் மச்சான், திருப்பிப் போடு."